பழி மாஸ்க்கின் மேல்

“தம்பி, மாஸ்க் சரியில்ல. வேற ஒன்னு மாத்தித் தாங்க.”

கடுகண்ணாவையில் குடியிருக்கும் அந்தத் தொழில்நுட்பருக்கு வரும் புகார்களில் பெரும்பாலானவை இப்படித்தான் தொடங்கும். தூக்கத்தில் மூச்சடைக்கும் நோய் உள்ளவர்களுக்கு இரவு முழுக்கக் காற்றழுத்தம் கொடுக்கும் சீபேப் மிஷினை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பொருத்துவது, பழக்கிவிடுவது, பழுது பார்ப்பது அவர் தொழில். மிஷின் விற்பவர்கள் பலர் இருக்கிறார்கள். விற்ற பிறகு வீடு தேடி வருபவர்கள் குறைவு. அவர் வருவார். நோயாளி வீட்டுப் பிள்ளைகள் அவருக்கு ‘மாஸ்க் அங்கிள்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

புகாரைக் கேட்டதும் அவர் மாஸ்க்கைப் பற்றி எதுவும் விசாரிப்பதில்லை. “இது வாறதுக்கு முன்ன நீங்க நல்லாத் தூங்கினீங்களா?” என்றுதான் கேட்பார். எதிர்முனையில் பதில் வரத் தாமதமானால், விஷயம் மாஸ்க்கில் இல்லை என்பது அவருக்குப் பாதி புரிந்துவிடும்.

அவர் போகும் ஊர்கள்: கடுகண்ணாவைக் கணவாய்க்குக் கீழே ஹிங்குல, மாவனல்லை. மேலே பிலிமத்தலாவை, பேராதனை, கண்டி. அந்தப் பக்கம் கெலிஓயா, கம்பளை. எப்போதாவது ஹட்டன் வரை. பெரும்பாலும் பஸ்தான். தோளில் ஒரு பை; அதற்குள் மூன்று வகை மாஸ்க், மூக்களவு பார்க்கும் அட்டை, குழாய், ஃபில்டர், மென்மையான பிரஷ். பையைத் திறந்து மாஸ்க்கை வெளியே எடுத்தால் பக்கத்து சீட்காரர் ஜன்னலோரம் ஒதுங்குவார். கொரோனாக் காலத்து வார்ட் ஞாபகம் இன்னும் எவருக்கும் போகவில்லை.

அந்த ஞாபகம்தான் வீடுகளில் அவருக்கு முதல் தடை. “ஒட்சிசனா தம்பி? அவ்வளவுக்கு முத்திப்போச்சா?” என்று வீட்டுப் பெரியவர்கள் பயந்துபோவார்கள். ஒட்சிசன் இல்லை; அறையில் உள்ள அதே காற்றுத்தான். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து சிலருக்கு மூச்சுப் பாதையை மூடிவிடுகின்றன. பத்து விநாடியோ அதற்கு மேலோ காற்று நின்றால் அது ஒரு மூச்சடைப்பு. முழுதாக அடைபடுவதையும் பாதி அடைபடுவதையும் கூட்டி, மணிக்கு இத்தனை என்று ரிப்போர்ட்டில் எழுதுவார்கள். 5க்குக் கீழே என்றால் பயமில்லை. 15 வரை இலேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. 42 என்று எழுதியிருந்தால், அந்த மனிதர் ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு தடவை மூச்சுக்குத் தடுமாறுகிறார் என்று பொருள். வீட்டார் அதைக் குறட்டை என்று நினைத்து வருடக்கணக்காகத் திட்டிக்கொண்டிருந்திருப்பார்கள்.

மிஷின் செய்வது ஒன்றே ஒன்று. காற்றை மெல்ல அழுத்தி அனுப்பி அந்தப் பாதையை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும். 4 முதல் 20 சென்ரிமீற்றர் நீரழுத்தம் என்பது அதன் வரம்பு. இந்த அளவைக் காட்ட அவரிடம் ஒரு வழி இருக்கிறது. குசினியிலிருந்து உயரமான கிளாஸில் தண்ணீர் கேட்டு வாங்கி, ஸ்ட்ரோவைப் பத்து சென்ரிமீற்றர் ஆழத்துக்கு இறக்கி, “ஊதுங்க” என்பார். முதல் குமிழி வரும்போது வாயில் தெரியும் எதிர்ப்புத்தான் 10. ஊதிப் பார்த்தவர்கள் “இவ்வளவுதானா!” என்று சிரித்துவிடுவார்கள். மருத்துவச் சொற்பொழிவு செய்யாத வேலையை அந்தக் கிளாஸ் செய்துவிடுகிறது.

இந்த மிஷினின் பிறப்புக் கதையையும் சந்தர்ப்பம் கிடைத்தால் சொல்லுவார். 1980 ஜூன் மாதம், சிட்னியின் ரோயல் பிரின்ஸ் ஆல்பிரட் ஆஸ்பத்திரிக்குக் கட்டட வேலைக்காரர் ஒருவர் வந்தார். கடுமையான மூச்சடைப்பு. அந்தக் காலத்தில் அதற்கிருந்த உருப்படியான வைத்தியம் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய்க்கு வழி வைப்பதுதான். அவர் அதற்கு மறுத்துவிட்டார். ஒரு ராத்திரி பரிசோதனைக்குப் படுக்க மட்டும் சம்மதித்தார். கொலின் சலிவன் என்ற வைத்தியர் வேக்கூம் கிளீனர் மோட்டாரைக் காற்றை உறிஞ்சுவதற்குப் பதில் ஊதும்படி மாற்றி, குழாயை அந்த மனிதரின் மூக்கில் பொருத்தினார். அழுத்தத்தைக் கூட்டியதும் மூச்சடைப்பு நின்றது, குறைத்ததும் திரும்பியது. 1981இல் லான்செட் சஞ்சிகையில் வெளிவந்த சலிவன் குழுவின் கட்டுரையில் ஐந்து நோயாளிகள், 4.5 முதல் 10 சென்ரிமீற்றர் வரையான அழுத்தமே போதுமானதாக இருந்தது. ஆரம்பகால மாஸ்க்குகள் ஒவ்வொருவர் மூக்குக்கும் அச்செடுத்துச் செய்தவை. ஒவ்வோர் இரவும் சிலிக்கன் பசை தடவி ஒட்ட வேண்டும், விடிந்ததும் உரித்தெடுக்க வேண்டும். இதைச் சொல்லி முடித்த பிறகு பட்டி இறுக்கமாக இருக்கிறது என்ற புகாரின் சுருதி கொஞ்சம் இறங்கும் என்பது அவர் அனுபவம்.

பட்டி இறுக்கமாக இருக்கிறது என்பது பாதி உண்மை. இறுக்கியது மாஸ்க் அல்ல, போட்டவர். ஓரத்தில் காற்று கசிந்தால் பட்டியை இழுத்துக் கட்டுவது எல்லோருக்கும் வரும் முதல் புத்தி. ஆனால் இன்றைய மாஸ்க்குகள் பலவற்றின் விளிம்பு இரண்டு சிலிக்கன் மடிப்புகள். மெல்லிய வெளி மடிப்பு காற்று நிறைந்து உப்பி முகத்தோடு படிய வேண்டும். இழுத்துக் கட்டினால் அது நசுங்கி, படிய வழியில்லாமல், இன்னும் அதிகமாகக் கசியும்; மூக்குத் தண்டில் சிவப்புத் தழும்பு விழும். அதனால் உட்கார வைத்து அளவு பார்ப்பதை அவர் பொருத்துவதாகவே கணக்கெடுப்பதில்லை. கட்டிலில் படுக்க வைப்பார். மிஷினைப் போட்டு, அழுத்தம் ஏறிய பிறகு பட்டிகளை எல்லாம் தளர்த்தி, மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு விரலளவு தூக்கி, உப்பியதும் மெதுவாக இறக்கி வைப்பார். பிறகு கீழ்ப்பட்டி, அதற்குப் பிறகு மேல்பட்டி, கசிவு நிற்கும் இடம் வரை மட்டும். படுத்தால் கன்னச் சதை பின்னால் சரிந்து முகத்தின் வடிவமே மாறிவிடும் என்பதைக் கண்ணாடி முன் நின்று மாஸ்க் போட்டுப் பார்ப்பவர்கள் யோசிப்பதில்லை.

மாவனல்லையில் கடை வைத்திருக்கும் ஹாஜியார் ஒருவருக்கு நிறைந்த தாடி. வாயையும் மூக்கையும் சேர்த்து மூடும் பெரிய மாஸ்க்கை விற்றுவிட்டார்கள். தாடிக்குள்ளால் காற்று ராத்திரி பூராவும் சீறியது. தாடியில் கைவைக்கும் பேச்சுக்கே இடமில்லை. மூக்குத் துவாரத்தோடு மட்டும் பொருந்தும் சின்ன வகைக்கு மாற்றியதும் சரியாகிப் போனது. பெண்களுக்கு இன்னொரு சங்கடம்: கொண்டை. பின்தலையில் கொண்டை போட்டுக்கொண்டு படுத்தால் பட்டி மேலே ஏறி வழுகும். கொண்டையை உச்சிக்கு ஏற்றலாம், அல்லது தளரப் பின்னித் தோளில் விடலாம். படுக்கப் போகும்போது முகத்தில் தேங்காயெண்ணெய் தடவுபவர்களுக்கு எந்த மாஸ்க்கும் நிற்காது. முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். கட்டிலுக்கடியில் நுளம்புச் சுருளைக் கொளுத்தி அதன் பக்கத்திலேயே மிஷினை வைக்கும் வீடுகளும் உண்டு. ஃபில்டரைக் கழற்றினால் கரியாக இருக்கும். ராத்திரி பூரா அந்தப் புகையைக் குழாய் வழியாக மூக்குக்குள் அனுப்பிவிட்டு, மிஷின் ஒத்துக்கொள்ளவில்லை, தொண்டை கரகரக்கிறது என்பார்கள். மார்கழி, தைக் குளிரில் குழாய்க்குள் ஈரம் தண்ணீராகத் திரண்டு மூக்கில் சொட்டும். குழாயைப் போர்வைக்குள் விட்டு, ஈரப்பதத்தை ஒரு படி குறைத்தால் போதும்.

இதெல்லாம் கைவேலை. பழகிய கைக்கு ஓர் அரை மணி நேரம்.

கையால் தீராதது வேறொன்று. பிலிமத்தலாவைப் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், மாஸ்க்கின் மூன்று வகையையும் போட்டுப் பார்த்துவிட்டு மூன்றையும் வெறுத்தார். மிஷினுக்குள் இருந்த பதிவை எடுத்துப் பார்த்தபோது கசிவுக் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. மாஸ்க் போட்டிருந்த நேரத்தில் மூச்சடைப்பு மணிக்கு 5க்கும் கீழே. அதாவது வைத்தியம் பலிக்கிறது, மாஸ்க்கும் பழுதில்லை. ஆனால் பாவித்த நேரம் துண்டு துண்டாக இருந்தது. எட்டரைக்குப் போட்டது, ஒன்பதேகாலுக்குக் கழற்றியது, பத்துக்கு மறுபடி, பன்னிரண்டுக்கு மறுபடி, மூன்று மணிக்குக் கழற்றிய பிறகு எதுவும் இல்லை. “எட்டரைக்கே படுக்கிறீங்களா டீச்சர்?” என்று கேட்டதற்கு, “மிஷின் போடணுமே, எப்படியும் தூக்கம் வர மூணு மணித்தியாலம் ஆகும், அதான் நேரத்தோட படுத்துடுறேன்” என்றார்.

அவருக்குத் தூக்கமின்மை மிஷின் வருவதற்குப் பல வருடம் முன்பிருந்தே இருந்தது. விழித்தபடி படுத்திருப்பவர் முகத்தில் எதை வைத்தாலும் கனக்கும், சீறும், அரிக்கும். ரயில் பாதைக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்து, ஏற்றத்தில் மூச்சிரைத்து வரும் இரவு ரயிலின் சத்தத்துக்குப் புரண்டுகூடப் படுக்காதவர்கள், மாஸ்க் ஓரத்தின் ஊசிச் சீறலைக் கேட்டுக்கொண்டு விடிய விடிய விழித்திருப்பதை இந்தத் தொழிலில் அடிக்கடி பார்க்கலாம். மாஸ்க் அவர்களை எழுப்புவதில்லை. விழித்திருப்பதால்தான் மாஸ்க் தெரிகிறது. தூங்குகிறவருக்கு அது முகத்தில் இருப்பதே தெரியாது.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1973இலேயே ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டியன் கிய்மினோவும் சகாக்களும் தூக்கமின்மையோடு சேர்ந்து வரும் மூச்சடைப்பைப் பற்றி சயன்ஸ் சஞ்சிகையில் எழுதினார்கள். பிறகு பல காலம் அது கிடப்பில் கிடந்தது. மூச்சடைப்புக்காரர் என்றால் பருத்த உடம்பு, பகலில் கதிரையிலேயே தூங்கி விழுபவர் என்று ஒரு படம் எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. தூக்கம் வராமல் தவிப்பவருக்கு மூச்சடைப்பு இருக்கும் என்று யாரும் தேடவில்லை. ஆனால் மூச்சடைப்பு நோயாளிகளில் 30 முதல் 50 சதவீதம் பேர் வரை தூக்கமின்மையையும் சொல்கிறார்கள் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒன்று மற்றதை வளர்க்கும். மூச்சு முட்டி முட்டி விழித்துப் பழகிய உடம்பு விழிப்பிலேயே நின்றுவிடும்.

அவுஸ்திரேலியாவின் அடிலெய்டில் பிளிண்டர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இரண்டு நோயும் உள்ள 145 பேரை வைத்துச் செய்த சோதனை 2019இல் வெளிவந்தது. ஒரு பாதிப் பேருக்கு மிஷினைக் கொடுக்கும் முன் தூக்கமின்மைக்கான நடத்தைச் சிகிச்சை, மறு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. முதல் பிரிவினர் சராசரியாக இரவுக்கு 61 நிமிடம் கூடுதலாக மிஷினைப் பாவித்தார்கள். மாஸ்க் கம்பெனிகள் வருடா வருடம் புதிது புதிதாக மெத்தை வைத்துக் கொடுத்தும் இவ்வளவு பெரிய மாற்றத்தை எளிதில் கொண்டுவர முடிவதில்லை. மாத்திரையும் இல்லை, புது மாஸ்க்கும் இல்லை. படுக்கிற முறையை மாற்றியதுதான்.

அந்தச் சிகிச்சையின் ஒரு காலை 1972இல் ரிச்சர்ட் பூட்சின் ஊன்றினார்: தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது மட்டும் கட்டிலுக்குப் போ, வராவிட்டால் எழுந்து வெளியே வா. இன்னொரு காலை 1987இல் ஆர்தர் ஸ்பீல்மன் ஊன்றினார்: தூங்குவது ஐந்து மணி நேரம்தான் என்றால் கட்டிலில் கிடப்பதையும் கிட்டத்தட்ட அந்த அளவுக்குச் சுருக்கு, தூக்கம் இறுகிய பிறகு மெல்ல நீட்டு. எட்டரைக்குப் படுத்த டீச்சர் செய்ததற்கு நேர் எதிர்.

கண்டி வட்டாரத்தில் இதை முறையாகச் சொல்லிக்கொடுப்பவர்களைத் தேடிப் பிடிப்பது லேசான காரியமல்ல. தொழில்நுட்பர் வைத்தியர் அல்ல, அப்படி நடிப்பதும் இல்லை. பதிவை அச்செடுத்துக் கொடுத்து, “கிளினிக்ல இதைக் காட்டி, தூக்கம் வராத கதையையும் சேர்த்துச் சொல்லுங்க” என்று அனுப்புவார். சொல்லாமல் விட்டுவிட்டு ஃபார்மசியில் தூக்க மாத்திரை வாங்கிப் போடுபவர்கள்தான் அவருக்குப் பெரிய கவலை. சில மாத்திரைகள் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தி மூச்சடைப்பை நீட்டிவிடும். சாராயமும் அப்படியே.

அவர் கையில் இருப்பது பகல் பயிற்சி. பின்னேரம், கட்டில் பக்கமே போகாமல், ஹோலில் நாடகம் பார்த்துக்கொண்டு மாஸ்க்கைக் கையால் முகத்தில் பிடித்திருக்க வேண்டும். அடுத்து பட்டியோடு. அடுத்து குழாயும் காற்றும். படபடப்பு உச்சத்தில் இருக்கும்போது கழற்றக் கூடாது, அது கொஞ்சம் தணிந்த பிறகே கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் கழற்றினால்தான் நிம்மதி என்று உடம்பு பாடம் படித்துவிடும்.

மிஷினிலும் ஒரு சூட்சுமம் உண்டு. படுத்தவுடன் குறைந்த அழுத்தத்தில் தொடங்கி 20 நிமிடத்தில் முழு அழுத்தத்துக்கு ஏறும்படி வைத்திருப்பார்கள். தலையணையில் தலை பட்டதும் தூங்குபவருக்கு அது சரி. ஒரு மணி நேரம் விழித்திருப்பவருக்கு இருபதாவது நிமிடத்தில் காற்று முகத்தில் அறையும். தூங்கியதை மிஷினே கண்டுபிடித்து அதற்குப் பிறகு ஏற்றும் வசதி புதிய மிஷின்களில் இருக்கிறது. அதைத் திறந்துவிட மறந்து போவதால் எத்தனையோ மிஷின்கள் அலுமாரிக்கு மேல் ஏறியிருக்கின்றன.

மூன்று மணிக்கு எழும்பினால் கழற்றுவதில் தப்பில்லை. ஹோலில் மங்கிய வெளிச்சத்தில் இருக்கலாம், போனை மட்டும் தொடக்கூடாது. கண் சுழன்று திரும்பிப் படுக்கும்போது மாஸ்க் மறுபடி முகத்துக்கு ஏற வேண்டும். அங்கேதான் எல்லோரும் விடுவது: “விடியப் போகுதே, இனி எதுக்கு?” கனவுத் தூக்கம் அடர்ந்திருப்பது விடியப் பக்கம்தான். அந்தத் தூக்கத்தில் தசைகள் மேலும் தளர்வதால் பலருக்கு மூச்சடைப்பு மோசமாவதும் அப்போதுதான். நோன்பு மாதத்தில் சஹருக்கு எழும்பி, தொழுதுவிட்டு மறுபடி படுப்பவர்களிடமும் இதையே சொல்ல வேண்டியிருக்கும்.

2022ஐ இந்தத் தொழிலில் இருப்பவர் மறக்க முடியாது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் மாஸ்க், குழாய், ஃபில்டர் எல்லாம் அதோடு சேர்ந்து ஏறின. மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. “கரண்ட் போனா மாஸ்க்குக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப் போயிடுவேனா?” என்ற கேள்விக்கு அவர் வாயால் பதில் சொல்வதில்லை. மாஸ்க்கைப் போட்டுவிட்டு பிளக்கைப் பிடுங்கிவிடுவார். மூக்கு மாஸ்க் என்றால் வாயைத் திறந்தால் போதும். முழு மாஸ்க்கில் ஒரு சின்ன மடல் இருக்கிறது; காற்றழுத்தம் நின்ற கணத்தில் அது கவிழ்ந்து வெளிக்காற்றுக்கு வழிவிடும். அந்த ‘டிக்’ சத்தத்தைக் கேட்க வைத்துவிட்டால் பயம் தெளியும். கொம்பியூட்டர் யூபிஎஸ் வாங்கி வைத்தவர்களுக்கு வேறு தொல்லை: கரண்ட் போனதும் அது கத்துகிற கத்தலில் அக்கம் பக்கமும் எழும்பும். கத்தலை நிறுத்தும் வழியைக் காட்டி, தண்ணீர்ச் சூடாக்கியை அணைத்துவிடச் சொல்லுவார். சூடாக்கிதான் மின்சாரத்தில் பெரும்பங்கைத் தின்பது. அது இல்லாவிட்டால் அதே பற்றரி பல மடங்கு நேரம் தாங்கும். 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி நாடு முழுக்கக் கரண்ட் போனதிலிருந்து, “குரங்கு வந்தா என்ன செய்யிறது?” என்று கேட்பவர்களும் உண்டு.

வெளிநாட்டு உறவினர் சூட்கேஸில் கொண்டுவந்து தரும் பழைய மிஷின்களை அவர் சந்தேகத்தோடுதான் தொடுவார். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம், சத்தத்தை அடக்க உள்ளே வைத்த நுரைப் பஞ்சு சிதையக்கூடும் என்று சொல்லி இலட்சக்கணக்கான மிஷின்களைத் திரும்பப் பெற்றது. அடியில் உள்ள இலக்கத்தைப் பார்க்காமல் பிளக்கில் செருக விடமாட்டார். காந்தக் கொக்கி வைத்த மாஸ்க்கை இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவருக்குக் கொடுப்பதும் இல்லை.

சாரதிகள் என்றால் அவர் குரல் மாறும். 1867இல் கண்டியைத் தொட்ட ரயில் பாதையும், டோசன் கோபுரத்துக்குக் கீழே வளைந்து வளைந்து ஏறும் கொழும்பு வீதியும் அவர் வீட்டைச் சுற்றித்தான் போகின்றன. அந்த வளைவுகளில் தூங்கி விழுவது என்றால் என்ன என்று அவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 2013 டிசம்பர் 1ஆம் திகதி நியூயோர்க்கில் 30 மைல் வேகத்தில் திரும்ப வேண்டிய வளைவில் ஒரு பயணிகள் ரயில் 82 மைல் வேகத்தில் போய்த் தடம் புரண்டது. நான்கு பேர் இறந்தார்கள். சாரதிக்குக் கடுமையான மூச்சடைப்பு இருந்தது விபத்துக்குப் பிறகுதான் தெரியவந்தது. அதனால், கட்டிலில் இருக்கும் நேரத்தைச் சுருக்கும் பயிற்சியை லொறி ஓட்டுபவர் எவரும் வைத்தியர் சொல்லாமல் தொடக்கூடாது என்பதில் அவர் கறாராக இருப்பார். முதல் வாரங்களில் பகல் மயக்கம் கூடும். வீட்டில் இருப்பவருக்கு அது கொட்டாவி. வீதியில் இருப்பவருக்கு அப்படியில்லை.

அமெரிக்காவில் மெடிகெயார் காப்புறுதி, ஒரு மாதத்தில் 70 சதவீத இரவுகளாவது 4 மணி நேரம் போட்டால்தான் மிஷினுக்குத் தொடர்ந்து பணம் கட்டும். இங்கே அப்படிக் கணக்குக் கேட்பவர் எவரும் இல்லை. பெரும்பாலானோர் கைக்காசில் வாங்கியவர்கள். ஆனாலும் மிஷினோடு சேர்ந்த செயலி போனில் காட்டும் மதிப்பெண்ணை விடிந்ததும் பார்த்து, 100க்கு 63 என்றால் நாள் பூரா சோர்ந்துபோகிறார்கள். மதிப்பெண்ணைப் பற்றிய கவலையே அடுத்த இரவின் தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கமின்மை உள்ளவர்களின் போனிலிருந்து அந்தச் செயலியை அவர் முதல் வேலையாக அழித்துவிடுகிறார். பதிவைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிடுவார்.

பிலிமத்தலாவை டீச்சர் இப்போது பதினொன்றுக்குத்தான் படுக்கிறார், கிளினிக் வைத்தியர் வைத்த கணக்கு அது. மூன்று மணிக்கு இன்னமும் எழும்புகிறார். மாஸ்க் மறுபடி ஏறும் நாட்கள் கூடியிருக்கின்றன. போன தடவை அவர் கேட்ட சந்தேகத்துக்குத் தொழில்நுட்பர் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. பகலில் கண் அசந்தால் மாஸ்க் போட வேண்டுமா? மூச்சடைப்புக்குப் பகல், இரவு என்று கிடையாது, ஆகவே போடத்தான் வேண்டும். தூக்கமின்மைக்கோ பகல் தூக்கமே ஆகாது. இரண்டையும் சொன்னார்.

“அப்போ ரெண்டும் வேணாம் தம்பி. தேத்தண்ணி ஊத்துறேன், இருந்து குடிச்சிட்டுப் போங்க” என்றார் டீச்சர். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு தேத்தண்ணியும் வேண்டாம் என்பதைச் சொல்லலாமா என்று தொழில்நுட்பர் மணிக்கூட்டைப் பார்த்தார். இரண்டேமுக்கால்தான் ஆகியிருந்தது.